மை அழிஞ்ச இடம்

பேசாதீங்க தம்பி. பல்லப் புடுங்கி பஞ்சு வச்சு உட்டிருக்காங்கல்ல, அரை மணி நேரம் அதைக் கடிச்சுட்டே இருக்கோணும். பேசவும் கூடாது, துப்பவும் கூடாது. நீங்க தலைய ஆட்டுனாப் போதும், நான் பேசறேன். இன்னிக்கு எனக்குப் பேசறதுக்கு நெறைய இருக்குது.

சித்த இக்கட்ட தள்ளி உக்காருங்க. இந்தப் பெஞ்சுல ஒரு கால் ஆடுது. ஒண்ணரை வருசமா ஆடுது. ஒரு வாசர் போட்டு முடுக்குனா அஞ்சு நிமிச வேலை. நானே போட்டுத் தர்றேன்னு சொன்னேன். ஆபீசுல எழுதிக் குடுங்கங்கறாங்க. ஒரு வாசருக்கு எழுதிக் குடுக்கோணுமாம். இத்தாம்பெரிய பல் காலேஜு, மூணு மாடிக் கட்டடம், லிப்டு இருக்குது, ஏசி இருக்குது, பெஞ்சுக்கு ஒரு வாசர் இல்ல.

என்ற பேரு சென்னியப்பனுங்க. கணபதியில லேத்துப் பட்டறை வச்சிருக்கறேன். முப்பத்தி நாலு வருசமா மோட்டாருக்கு சாப்ட்டு கடையற வேலை. இந்தக் கை இருக்குது பாருங்க, மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் இதுக்குத் தெரியும். அளக்கறதுக்கு முன்னாடியே தெரியும். சும்மா சொல்லலீங்க, வந்து கேட்டுப் பாருங்க.

இன்னிக்கு நான் சண்டை போடறதுக்கு வந்திருக்கறேன். என்ற வாய்க்குள்ள மேல ஒரு பிளேட்டு இருக்குது. இந்தா, ஆன்னு காட்டறேன், தெரியுதுங்களா? மேல்தாடையில பாதிய வெட்டி எடுத்துட்டாங்க. அந்த ஓட்டைய அடைக்கறதுக்கு இவங்க செஞ்சு குடுத்ததுதான் இது. பல்லும் இதுலயே இருக்குது, அண்ணமும் இதுலயே இருக்குது. இதைக் கழட்டுனா நான் பேசறதுல ஒரு எழுத்து உங்களுக்கு வெளங்காது. எட்டு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு வாரமா டைட்டாகுது. வலது பக்கம், கன்னத்து ஓரத்துல உறுத்துது. இதுதானுங்களா இவங்க வேலை செய்யற லட்சணம்? நான் கடைஞ்ச சாப்ட்டு எட்டு மாசத்துல டைட்டாச்சுன்னு ஒருத்தன் வந்து நின்னான்னா, நான் தூக்குப் போட்டுக்கோணும்.

வந்ததுல இருந்து ஒண்ணரை மணி நேரமா உக்காந்திருக்கறேன். சீட்டுப் போடற பொண்ணு, "உங்களுக்குப் பதினாறாம் தேதிதானே வரச் சொல்லியிருக்கு, இன்னிக்கு எதுக்கு வந்தீங்க"ன்னு கேக்குது. எதுக்கு வந்தேன்னு உங்கிட்ட சொல்லோணுமா அம்மணி, டாக்டரம்மாகிட்டச் சொல்லிக்கறேன்னு சொன்னேன். மூஞ்சியத் தூக்கி வச்சுட்டா.

டாக்டரம்மா பேரு பர்வீன். உங்களுக்குப் பல்லப் புடுங்குனது அந்தப் புள்ளயா, இல்ல கண்ணாடி போட்ட பையனா? அந்தப் புள்ளதான், சரி. என்ற மகளை விட மூணு வயசு சின்னது. கை சின்னக் கை. பேச்சு மட்டும் பெரிய பேச்சு. எப்பவும் அதுவே என்னைக் கூப்புட்டு, "ஐயா, புதுசா வந்தவங்க பயந்து போயிருக்காங்க, சித்த நேரம் பேசிட்டு இருங்க"ன்னு சொல்லும். எனக்கு வேற வேலை இல்ல பாருங்க. இன்னிக்குச் சொல்லல. நானாத்தான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன்.

கதைய மொதல்ல இருந்து சொல்றேன். நீங்களே சொல்லுங்க ஞாயம் யாரு பக்கம்னு. தலைய ஆட்டுனாப் போதும்.

அஞ்சு வருசத்துக்கு முன்னாடி எனக்கு வலது பக்கம் மேல அஞ்சு பல்லு போயிருச்சு. எங்க பஸ் ஸ்டாப்புகிட்ட ஒரு பல் டாக்டரு, அவரு கழட்டி மாட்டற மாதிரி ஒரு பல் செட்டு செஞ்சு குடுத்தாரு. இடது பக்கத்துப் பல்லுல கொக்கி மாட்டி நிக்கும். நல்ல செட்டு, குத்தம் சொல்ல மாட்டேன். முந்துன வருசம் தை மாசம் அது டைட்டாச்சு. மாட்டுனா ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது. டாக்டரு என்ன சொல்லியிருந்தாரு, டைட்டானா எங்கிட்ட வாங்க, நீங்களாத் தொட வேண்டாம்னு சொல்லியிருந்தாரு. அதுக்கு ஒரு நாள் லீவு போட்டு, சீட்டு வாங்கி, உக்காந்து... எனக்கு எதுக்குங்க அது? அரம் என்ற கையில இருக்குது.

எங்க தொழில்ல ஒரு வழி இருக்குதுங்க. ரெண்டு இரும்பு ஒண்ணோட ஒண்ணு சரியா உக்காரலைன்னா, ஒண்ணு மேல நீல மை தடவி, வச்சு அழுத்தி எடுப்போம். எங்க மை அழிஞ்சிருக்குதோ அங்க மேடு. அந்த மேட்டை அரத்துல தேய்ச்சா கச்சிதமா உக்காந்துக்கும். நீல மைய வாயில வைக்க முடியாது, வெசம். அதனால என்ற சம்சாரம் துளசிமணியோட கண் மை டப்பிய எடுத்தேன். செட்டுல தடவுனேன், மாட்டுனேன், எடுத்தேன். வலது பக்கம் ஓரத்துல மை அழிஞ்சிருந்துச்சு. இத்துனூண்டு இடம், உளுந்தம் பருப்பு அளவு. அரை வட்ட அரத்துல நாலு இழு இழுத்தேன், எமரி பேப்பர்ல வழவழன்னு பண்ணுனேன். மாட்டுனா சும்மா டக்குனு உக்காந்துச்சு. எந்த டாக்டருங்க இப்படிச் செய்வான்?

பதினைஞ்சு நாள் நல்லா இருந்துச்சு. பொறவு மறுக்கா டைட்டு. மறுக்கா மை, மறுக்கா அரம். அதே இடந்தான். இப்படியே ஏழு மாசம் போச்சு. துளசிமணி, "ஏனுங்க, நான் கண்ணுக்கே மை வெக்கறதில்ல, டப்பி எப்படித் தீருது"ன்னு கேக்கறா. சொன்னேன். "ஏனுங்க, திரும்பத் திரும்ப டைட்டாகுதுன்னா டாக்டருகிட்டக் காட்ட வேண்டாமுங்களா"ன்னா. உனக்கு என்னடி தெரியும், பிளாஸ்டிக்கு ஈரத்துல ஊறுனா உப்பும்னு சொன்னேன். மூக்குல ஒரு பக்கம் அப்பப்ப ரத்தம் வந்துச்சு. சூட்டு ஒடம்பு எனக்கு, பட்டறையில தகரக் கொட்டாய்க்குக் கீழ நிக்கறவனுக்கு வராம எப்படி இருக்கும்? வெந்தயத் தண்ணி குடிச்சேன்.

ஆடி மாசம் ஒரு சீர் வீட்டுல பந்தியில உக்காந்து வடையக் கடிச்சேன், செட்டு ரெண்டாப் போயிருச்சு. தேய்ச்சுத் தேய்ச்சு அப்பளமா ஆயிருந்துச்சுங்க. எல்லாரு முன்னாடியும் அவமானமாப் போச்சு. துளசிமணி உட மாட்டேன்னுட்டா. பல் காலேஜுல நல்லா ஒட்டித் தருவாங்கன்னு கூட்டிட்டு வந்தா. அன்னிக்குத்தான் மொதல் மொதலா இந்தப் பெஞ்சுல உக்காந்தேன்.

பர்வீன் புள்ள செட்டை வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாத்துது. "யாருங்க ஐயா தேய்ச்சது"ன்னு கேட்டுது. நான்தானம்மா, எப்படி இருக்குது வேலைன்னு கேட்டேன். "வேலை ரொம்ப நல்லா இருக்கு. எத்தனை மாசமாத் தேய்ச்சீங்க?" ஏழு மாசம்னேன். மை வச்சுக் கண்டுபுடிச்சதையும் சொன்னேன். நல்லாக் கேட்டுக்குச்சு. நாங்களும் இப்படித்தான் பாப்போம், எங்ககிட்ட வெள்ளைப் பசை ஒண்ணு இருக்குன்னு சொல்லுச்சு. எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு. அப்பத்தான் அந்தக் கேள்வியக் கேட்டுது.

"ஐயா, மை அழிஞ்ச இடத்துல மேடு இருக்குன்னு சொல்றீங்க. சரி. அந்த மேடு செட்டுலதான் இருக்குன்னு எப்படி முடிவு பண்ணீங்க? எதிர்ல இருக்கறதுலயும் இருக்கலாமில்ல?"

லேத்துக்காரங்கிட்டக் கேக்கற கேள்விங்களா இது? முப்பத்தி நாலு வருசம் இந்த வேலை செஞ்சவங்கிட்ட, நேத்துப் பொறந்த புள்ள கேக்குது. எனக்குச் சுருக்குனு ஆயிருச்சு. அது பொறவு செட்டத் தொடவே இல்லீங்க. தட்டுல வச்சிருச்சு. விரலை உள்ள உட்டு அண்ணத்தைத் தடவுது, கண்ணுக்குக் கீழ அமுக்குது, கன்னத்துல பஞ்சால தொட்டு உணர்ச்சி இருக்குதாங்குது, மூக்குல ரத்தம் வருதாங்குது. பல்லு ஆடுதான்னு ஒண்ணொண்ணாத் தட்டிப் பாக்குது. எல்லாம் முடிச்சுட்டு, "ஐயா, ஒரு சின்னச் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்"னு சொல்லுச்சு.

நான் ஒட்டறதுக்கு வந்தவன். உடைஞ்சதை ஒட்டித் தாம்மான்னா என்ற சதைய அறுக்கறேங்குது. நல்லாக் கத்துனேன். வரிசையில இருந்தவங்க எல்லாம் எட்டிப் பாத்தாங்க. தட்டுல இருந்த ரெண்டு துண்டையும் சட்டைப் பையில போட்டுட்டு வெளிய வந்துட்டேன். ஊட்டுல பசை போட்டு நானே ஒட்டுனேன். நல்லாத்தான் ஒட்டுச்சு.

அந்தப் புள்ள உடுதுங்களா? துளசிமணி நெம்பருக்கு தினமும் போன் பண்ணுது. காலையில பத்து மணி ஆனா மணி அடிக்குது. "ஐயாவக் கூட்டிட்டு வந்துட்டீங்களா அம்மா"ன்னு கேக்குது. ஆறு நாள். ஏழாவது நாள் துளசிமணி சோத்துத் தட்டை என்ற முன்னாடி வச்சுட்டு, நீங்க வரலைன்னா இன்னையில இருந்து நான் சாப்பிட மாட்டேன்னு உக்காந்துட்டா. பொம்பளைக ரெண்டு பேரும் பேசி வச்சுட்டு என்னை மடக்குனாங்கங்க. வந்தேன். சதைய எடுத்தாங்க. புத்துன்னு வந்துச்சு.

உங்களுக்கு எப்படிச் சொன்னாங்களோ தெரியல. எனக்கு அந்தப் புள்ளதான் சொல்லுச்சு. நாற்காலிய இழுத்துப் போட்டு, முட்டிக்கு முட்டி இடிக்கற மாதிரி உக்காந்துட்டு சொல்லுச்சு. நான் என்ன கேட்டேன் தெரியுமுங்களா? அப்ப செட்டு எப்ப ஒட்டித் தருவீங்கன்னு கேட்டேன். எனக்கே தெரியல ஏன் அப்படிக் கேட்டேன்னு.

ஆப்பரேசன்ல தாடைய வெட்டுன டாக்டரு பொறவு ஒருநாள் சொன்னாரு, ஏழு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தா பத்து ரூபாக் காசு அளவுக்கு எடுத்தாப் போதும்னு. அவரு சொல்லுவாரு. அவரு என்ன அப்ப என்ற வாய்க்குள்ள வந்து பாத்தாரா? நான் மை வச்சுப் பாத்ததாலதான் அதே இடம் அதே இடம்னு அடையாளமாவது தெரிஞ்சுது. வேற ஒருத்தனா இருந்தா அதுவும் தெரிஞ்சிருக்காது. பர்வீன் புள்ள அந்த ஏழு மாசத்தைப் பத்தி ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சொன்னா நான் திருப்பிச் சொல்லுவேனில்ல.

தலைய ஆட்டறீங்களே, ஆமாங்கறீங்களா இல்லைங்கறீங்களா? சரி உடுங்க.

ஆப்பரேசனுக்கு முன்னாடி இவங்க என்ற வாய்க்கு அளவு எடுத்து மாவுக்கட்டுப் போடற மாவுல ஒரு தாடை செஞ்சு வச்சாங்க. மேசை மேல என்ற தாடை இருக்குது, நான் நாற்காலியில இருக்கறேன். வெட்டற டாக்டரு பெரிய ஆசுபத்திரியில இருந்து வந்திருந்தாரு. பென்சில்ல கோடு போடறாரு, இதுவரைக்கும் எடுக்கணும்னு. கோடு கோணலா இருக்குதுங்கன்னு நான் சொன்னேன். சிரிச்சாரு. அந்தப் புள்ள சிரிக்கல. எடுக்கற பக்கத்துல, கோட்டை ஒட்டி ஒரு கோரைப்பல்லு, அது மேல விரலை வச்சுட்டு, "சார், டெஸ்டுல இந்தப் பக்கம் சுத்தமா இருந்தா இந்தப் பல்லை எனக்கு உட்டுருங்க. கொக்கி மாட்ட எனக்கு இது வேணும். இது இல்லைன்னா இவருக்குப் பிளேட்டு நிக்காது, பிளேட்டு நிக்கலைன்னா பேச்சு வராது"ன்னு சொல்லுது. அவரு முடியாதுங்கறாரு. இது பாக்கலாம்ங்குது. ஸ்கேனை எடுத்து ரெண்டு பேரும் ஜன்னல்கிட்டப் போயிட்டாங்க. என்ற வாயில எதை வைக்கறது எதை எடுக்கறதுன்னு ரெண்டு பேரு பேரம் பேசறாங்க, என்னைக் கேக்கறதுக்கு ஒரு நாதியில்ல. ஆனா அந்தப் பல்லை அந்தப் புள்ள வாங்கிருச்சுங்க. இன்னிக்கும் இந்தப் பிளேட்டு அந்த ஒரு பல்லுலதான் தொங்குது.

ஆப்பரேசன் தேட்டருக்குள்ளயே இவங்க வந்து ஒரு பிளேட்டை வச்சு உட்டாங்க. அதனால கண்ணு முழிச்சப்ப பேச்சு இருந்துச்சு. அடப் போங்கப்பா, இதுக்கா இத்தனை பயந்தோம்னு நெனச்சேன். பத்து நாள் கழிச்சு அதைக் கழட்டிப் புண்ணைச் சுத்தம் பண்ணுனாங்க. அடுத்தது வர்ற வரைக்கும் ஒரு பகல் சும்மா இருக்கோணும். துளசிமணிகிட்டத் தண்ணி கேட்டேன். அவ துண்டை எடுத்துக் குடுத்தா. இல்லடி தண்ணின்னேன். ஜன்னலச் சாத்துனா. இருபத்தொம்பது வருசம் கூடக் குடித்தனம் பண்ணுனவளுக்கு நான் பேசறது வெளங்கல. கையில காட்டுனதுக்கப்பறம் டம்ளர்ல குடுத்தா, குடிச்சா மூக்கு வழியா வருது. அவ அந்தப் பக்கம் திரும்பி நின்னுட்டா. நான் அன்னிக்கு அழுதேனுங்க. ஆப்பரேசனுக்கு அழுகல, புத்துன்னு சொன்னப்ப அழுகல, அன்னிக்கு அழுதேன்.

அதுக்கு மேல கரண்டு வச்சாங்க, அதானுங்க ரேடியேசன், முப்பது நாளு. உங்களுக்கும் அதுக்குத்தான பல்லைப் புடுங்கியிருக்காங்க? நல்ல பல்லை எதுக்குப் புடுங்கறாங்கன்னு மனசுக்குள்ள திட்டிட்டு இருக்கீங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. எனக்கும் ரெண்டைப் புடுங்குனாங்க, நானும் திட்டுனேன். அது நல்ல பல்லு இல்லீங்க, வேருல சீழ் இருக்கும், நமக்குத்தான் தெரியாது. கரண்டு வச்சதுக்கு அப்பறம் புடுங்குனா எலும்பு ஆறாது, அழுகிப் போயிரும். அதனால முன்னாடியே எடுத்து, புண்ணு ஆறுனதுக்கு அப்பறம்தான் கரண்டுக்கு அனுப்புவாங்க. இன்னொண்ணு, வாய் தொறக்கறதுக்கு ஐஸ் குச்சி குடுப்பாங்க. அடுக்கிப் பல்லுக்கு நடுவுல வைக்கோணும், வாரம் ஒரு குச்சி ஏத்தோணும். வலி உசுரு போகும். ஆனா செய்யுங்க. வாய் தொறக்கலைன்னா இவங்க அளவு எடுக்க முடியாது, அளவு எடுக்கலைன்னா பிளேட்டு இல்ல. நான் பத்தொம்பது குச்சில நின்னுட்டேன், அந்தப் புள்ள இருபத்தி அஞ்சு வேணும்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு. வரவே வராதுன்னு சண்டை போட்டேன். வந்துச்சு.

பொறவுதான் இந்தக் கடைசிப் பிளேட்டு. இங்க லேபுல லாரன்ஸ்னு ஒரு பையன் இருக்கறான். பையன் என்ன, முப்பத்தஞ்சு வயசு ஆள்தான். அவன்தான் செஞ்சான். பதினோரு தடவை வரச் சொன்னாங்க. மெழுகை வச்சுப் பாக்கறது, எடுக்கறது, சூடு பண்ணறது, மறுக்கா வைக்கறது. பாப்பா சொல்லுங்க அண்ணா, கொக்கு சொல்லுங்க அண்ணா, மூக்கு வழியாக் காத்து வருதான்னு கண்ணாடியப் புடிச்சுப் பாக்கறான். பெரிய மனுசன் நாற்காலியில உக்காந்துட்டு கொக்கு கொக்குன்னு கத்தறேன். அங்க கொஞ்சம் கொறைப்பா, அந்த ஓரம் சரியில்லைன்னா, அண்ணா நீங்க சித்த சும்மா இருங்கங்கறான். ரெண்டு பேரும் சேந்து சண்டை போட்டு செஞ்சதுதான் இது. பதினோராவது தடவை மாட்டுனதும், "ஏப்பா லாரன்சு, நான் சொன்ன மாதிரி ஓரத்தைக் கொறைச்சிருந்தா நாலு தடவைக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும்"னேன். கதவுகிட்ட நின்னுட்டிருந்த துளசிமணி வாயப் பொத்திட்டு அழுகறா. ஒரு எழுத்து உடாம அவளுக்குக் கேட்டுருச்சு. லாரன்ஸ், "அண்ணா, திட்டறது நல்லாத் தெளிவா வருதுங்க"ன்னு சொல்லிச் சிரிக்கறான்.

போறப்ப அந்தப் புள்ள, "ஐயா, பையில வச்சிருக்கற அந்த அரத்தைக் குடுங்க"ன்னு கையை நீட்டுச்சு. எதுக்குன்னேன். "டைட்டானா நீங்க தொடக்கூடாது. எங்கிட்ட வரணும். அன்னிக்கே வரணும், தேதி பாத்துட்டு இருக்கக்கூடாது." குடுத்தேன். மேசை டிராயர்ல, கையுறை டப்பாவுக்கு அடியில போட்டுப் பூட்டிக்குச்சு. இத்தனை படிச்ச புள்ளைக்கு இது தெரியல பாருங்க, பட்டறைக்காரன் ஊட்டுல ஒரு அரம்தான் இருக்குமா? எங்கிட்டப் பதினொண்ணு இருக்குது.

சரி, இப்ப விசயத்துக்கு வர்றேன். ரெண்டு வாரமா டைட்டு. எனக்குக் காரணம் தெரியும். ஒண்ணு, லாரன்ஸ் போட்ட பிளாஸ்டிக்கு மட்டமானது, ஈரத்துல உப்பிருச்சு. இல்லைன்னா நான் நாலு கிலோ ஏறியிருக்கறேன், கன்னம் தேறிருச்சு. நல்லாச் சாப்பிடறேன், தூங்கறேன். மூக்குல ரத்தம் இல்ல. தினமும் காலையில வெள்ளைக் கைக்குட்டையில சிந்திப் பாக்கறேன், இல்ல. கன்னத்துல துணியால தேய்ச்சுப் பாக்கறேன், உணர்ச்சி இருக்குது. இல்லாத இடம் முன்னாடியே இல்லாத இடம்தான். ஆக வேலையிலதான் தப்பு. வேற எதுவும் இல்ல.

துளசிமணிகிட்டச் சொல்லலீங்க. காந்திபுரத்துல பேரிங் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கறேன். அவகிட்டச் சொன்னா இப்பவே சோத்துத் தட்டைத் தள்ளி வைப்பா.

நேத்துப் பட்டறையில யாரும் இல்லாதப்ப பிளேட்டைக் கழட்டுனேன். மை வச்சேன். அவளோட புது டப்பிதான். மாட்டுனேன், எடுத்தேன். வலது பக்கம், பின்னால, ஓரத்துல அழிஞ்சிருந்துச்சு. உளுந்தம் பருப்பு அளவு. அரை வட்ட அரத்தை எடுத்தேன். பிளேட்டைத் துணி சுத்தி வைஸ் இடுக்கியில புடிச்சேன். அரத்தை அந்த இடத்துல வச்சேன். நாலு இழு இழுத்தா வேலை முடிஞ்சுது.

கை ஓடலீங்க.

முப்பத்தி நாலு வருசத்துல ஒருநாளும் இப்படி ஆனதில்ல. அரம் அங்க இருக்குது, கை இங்க இருக்குது, நகர மாட்டேங்குது. அந்தப் புள்ள கேட்ட கேள்விதான் காதுக்குள்ள கேக்குது. மேடு எதுல இருக்குதுன்னு எப்படிய்யா முடிவு பண்ணுனீங்க. அரத்தைக் கீழ வச்சுட்டு மைக்ரோமீட்டரை எடுத்தேன். இந்தப் பிளேட்டு வந்த அன்னிக்கே எட்டு இடத்துல கனத்தை அளந்து செவுத்துல எழுதி வச்சிருக்கறேன், பழக்கம். எட்டு இடமும் அளந்தேன். ஒண்ணும் உப்பல. வந்த அன்னிக்கு என்ன இருந்துச்சோ அதேதான். மறுக்கா அளந்தேன். மூணு தடவை அளந்தேன்.

மைக்ரோமீட்டரும் தப்புக் காட்டும். பழசாயிருச்சு.

அந்தக் கதவு தொறக்குது பாருங்க. அந்தப் புள்ள என்னைத்தான் கூப்புடுது. தேதி பதினாறு இல்லையே ஐயான்னு கேக்கல, கவனிச்சீங்களா? என்னைப் பாத்த ஒடனே கையுறைய மாத்துது. இதுக்குத்தான் எனக்கு அந்தப் புள்ளையக் கண்டா ஆகறதில்ல.

தம்பி, அரை மணி ஆயிருச்சு, பஞ்சை எடுத்து அந்தச் செவப்பு டப்பாவுல போட்ருங்க. கொப்பளிக்காதீங்க, இன்னிக்கு முழுக்கக் கூடாது. கரண்டுக்குப் போக மாட்டேன்னு சொல்லீராதீங்க. குச்சிய உடாமச் செய்யுங்க. இந்தாங்க, இந்த அரத்தைச் சித்த வச்சிருங்க. பையிலயே எடுத்துட்டு வந்துட்டேன், உள்ள போனா அந்தப் புள்ள கையை நீட்டும், எனக்குக் குடுக்கறதுக்கு மனசில்ல. கூர் இருக்குது, பாத்துப் புடிங்க. நான் வெளிய வந்து வாங்கிக்கறேன்.

சண்டை போடத்தான் வந்தேன். காலையில இருந்து என்னென்ன கேக்கோணும்னு வரிசையா மனசுல வச்சிருக்கறேன். ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி. மேடு பிளேட்டுலதான்னு அந்தப் புள்ள சொல்லட்டும். லாரன்ஸ் தப்பாச் செஞ்சுட்டான், மாத்தித் தர்றோம், இன்னும் இருபது தடவை வாங்கன்னு சொல்லட்டும். நான் ஒரு வார்த்தை திட்ட மாட்டேனுங்க.